பி.காம். முடித்த தம்பிக்கு: எம்.சி.ஏ.வா, எம்.பி.ஏ. சிஸ்டம்ஸா?

2 ஜூன் 2024, கேள்வி

"அக்கா, பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்) கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். சிவகாசி. மார்ச் 9-ம் தேதி காலையில் எம்.சி.ஏ.வுக்கான டான்செட் நுழைவுத் தேர்வு, மதியம் எம்.பி.ஏ. டான்செட், இரண்டும் எழுதினேன். இரண்டிலும் சுமாரான மார்க். கோடிங் எனக்கு ஒத்துவராது. ஆனால் ஐ.டி. கம்பெனியில் பிசினஸ் பக்கம் வேலை வேண்டும், பிசினஸ் அனலிஸ்ட், கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாம் ஓட்டும் சாப் சாஃப்ட்வேருக்குக் கன்சல்டன்ட் மாதிரி. கோடிங் வராதவனுக்கு கம்ப்யூட்டர் சிஸ்டங்களை நிர்வகிக்கக் கற்றுத் தரும் எம்.பி.ஏ. சிஸ்டம்ஸ்தான் என்று சீனியர் சொல்கிறார். எம்.சி.ஏ. எடுத்தால் ஆயுசுக்கும் கோடு அடிக்கணுமாம். நிஜமா?"

2 ஜூன், இரவு

எம்.சி.ஏ. எடு. மூன்று வருஷம் தம் கட்டிப் படி.

கோடிங் ஒத்துவராது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? இரண்டாம் வருஷம் சி லாங்வேஜ் லேபில் பாயின்டர் புரியவில்லை, அவ்வளவுதானே? கோடு எழுதாமல் சாப்பை வியாபாரத்துக்கு ஏற்றபடி அமைக்கும் ஃபங்ஷனல் வேலையில் பாயின்டர் வராது. ஆனால் டேட்டாபேஸ் டேபிள் வரும், அதில் ஒரு வரியை அடையாளம் காட்டும் கீ வரும், இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயின் வரும். அதெல்லாம் தெரியாமல் கன்சல்டன்ட் என்று உட்கார்ந்தால் டெவலப்பர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

3 ஜூன்

நேற்று எழுதியதில் "மூன்று வருஷம்" என்பதை வெட்டிவிடவும். நான் படித்த காலத்து நினைப்பில் எழுதிவிட்டேன். 2020-21 கல்வியாண்டிலிருந்து எம்.சி.ஏ. 2 வருஷம்தான். பி.சி.ஏ. படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் வந்து உட்காரும் லேட்டரல் என்ட்ரியும் அதோடு போயிற்று. எங்கள் வகுப்பில் அப்படி வந்தவர்களை "பின்வாசல் கோஷ்டி" என்று கிண்டல் செய்வோம். அவர்களில் ஒருத்திதான் பல்கலைக்கழக ரேங்க் வாங்கினாள்.

திருச்சி என்.ஐ.டி.யில் இன்னும் 3 வருஷம். அதற்கு நிம்செட் என்று தனி நுழைவுத் தேர்வு.

கணக்கு விஷயம் ஒன்று இருக்கிறது. எம்.சி.ஏ.வுக்கு பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். நீ பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தாயா, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எடுத்தாயா? எதுவாக இருந்தாலும் கவுன்சலிங் நடத்தும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு (ஜி.சி.டி.) இப்போதே மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வை. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று காலேஜ் ஆபீஸில் வாயால் சொல்வதை நம்பாதே.

5 ஜூன்

"நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நீளமாகத்தான் வரும்.

2003-ல் விருதுநகரில் பி.காம். முடித்தேன். அடுத்த இரண்டு வருஷம் மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். வவுச்சர் டிக் அடிப்பது, பேங்க் ரிகன்சிலியேஷன், ஏப்ரல் வந்தால் கடை கடையாகப் போய் ஸ்டாக் எடுப்பது. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 2005-ல் டான்செட் எழுதி எம்.சி.ஏ. சேர்ந்தேன். 2008-ல் முடிக்கும்போது கையில் ஆஃபர் லெட்டர். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. எனக்கு வேலை தந்த கம்பெனி "ஜாயினிங் டேட் பிறகு தெரிவிக்கப்படும்" என்று ஒரு மெயில் அனுப்பியது. அந்தப் பிறகு வரவே இல்லை. ஒன்பது மாதம் மறுபடி அதே ஆடிட்டர் ஆபீஸ், அதே நாற்காலி.

2009-ல் கோவையில் நூற்பாலைகளுக்கு ஈ.ஆர்.பி. (கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்டுத் தரும் சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே நடந்ததைச் சொன்னால் இந்த வேலை என்னவென்று புரியும்.

பஞ்சுக்கு விலை கண்டி என்ற பழைய எடைக் கணக்கில் பேசுவார்கள். மில்லுக்குள் வருவது பேல், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி. ஒரு பேல் ஏறக்குறைய 170 கிலோ. ஸ்டோரில் எடை கிலோவில் ஏறும், பில் கண்டி விலையில் வரும். ஆக சிஸ்டத்தில் "1 கண்டி = இத்தனை கிலோ" என்று ஓர் எண் போட்டாக வேண்டும். எங்கள் டெவலப்பர் கெட்டிக்காரப் பையன். நெட்டில் தேடி, கண்டி என்பது 784 பவுண்டு என்று கண்டுபிடித்து, கிலோவுக்கு மாற்றி 355.62 என்று போட்டுவிட்டான். கணிதப்படி சரி. ஆனால் சந்தையில் கண்டி என்றால் 356 கிலோ. 100 பேல், அதாவது 17,000 கிலோ. கண்டி 23,000 ரூபாய் என்று வைத்துப் பார். பார்ட்டி பில்லுக்கும் சிஸ்டம் போடும் தொகைக்கும் 1,170 ரூபாய் சொச்சம் இடிக்கும். சின்னக் காசுதான். ஆனால் ஒவ்வொரு பில்லும் இடித்தது. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் பேமென்ட் என்பது விதி. எல்லா பில்லும் பிளாக். வியாபாரிகள் மில் வாசலில் வந்து நின்றார்கள்.

டெவலப்பர் இரண்டு நாள் கோடில் பிழை தேடினான். கோடில் பிழையே இல்லை. நான்தான் அந்த 355.62-ஐப் பிடித்தேன். அன்றைக்குத்தான் ஆடிட்டர் ஆபீஸில் தேய்த்த இரண்டு வருஷத்துக்குக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது.

6 ஜூன்

பி.காம். சி.ஏ. என்று கல்யாண வீட்டில் சொல்லும்போது "கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்" என்று விரித்துச் சொல்லிவிடு. இல்லையென்றால் ஆடிட்டர் என்று நினைத்து வரிசையாக வந்து இன்கம் டாக்ஸ் சந்தேகம் கேட்பார்கள். எம்.சி.ஏ. முடித்த பிறகு பிரிண்டர் சந்தேகம் கேட்பார்கள். அதற்கு விமோசனமே கிடையாது.

9 ஜூன்

5-ம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கூச்சமாக இருக்கிறது. "நான்தான் பிடித்தேன்" என்பது உண்மையில்லை. பிடித்தவர் மில் கணக்குப்பிள்ளை. "என்னம்மா உங்க கம்ப்யூட்டர் கண்டி இளைச்சுப்போயிருக்கு" என்று அவர் முதல் நாளே சொன்னார். டெவலப்பர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டான். எனக்கு அந்த வாக்கியம் உறைத்தது. போய் யூனிட் கன்வர்ஷன் டேபிளைத் திறந்து பார்த்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஆனால் இதில்தான் உன் கேள்விக்குப் பதில் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. அவர் சொன்னது புரிந்ததற்குக் காரணம் ஆடிட்டர் ஆபீஸ். எந்த டேபிளைத் திறக்க வேண்டும் என்று தெரிந்ததற்குக் காரணம் எம்.சி.ஏ. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் நானும் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

அப்படியானால் எம்.பி.ஏ.காரர்களுக்கு நான் முதல் நாள் செய்தது அநியாயம். பிற்பாடு சென்னையில் என் டீமில் எம்.பி.ஏ. சிஸ்டம்ஸ் படித்த ஒருவர் இருந்தார். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல். எழுத வராது. ஆனால் புது சிஸ்டம் எந்த மாதம் மாற்றுவது என்று பேச்சு வந்தபோது, "உங்களுக்கு ரொம்ப பில் போகிற மாதம் எது?" என்று கிளையன்ட்டிடம் கேட்ட ஒரே ஆள் அவர். அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுத் தந்தது ஹெர்ஷி கதை. அமெரிக்காவில் அந்தச் சாக்லேட் கம்பெனி 1999-ல் 11.2 கோடி டாலர் செலவில் சாப்பையும் வேறு இரண்டு சாஃப்ட்வேரையும் ஒரே நேரத்தில் இறக்கியது. ஏப்ரலில் முடிய வேண்டியது ஜூலைக்கு நழுவி, ஹாலோவீன் ஆர்டர்கள் குவிகிற சமயத்தில் போய் முட்டியது. சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. எம்.பி.ஏ. வகுப்புகளில் பல வருஷமாக ஓடும் கதை இது. எங்கள் எம்.சி.ஏ. வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை. நாங்கள் அந்த நேரத்தில், டேபிள்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் நார்மலைசேஷனில் மூன்றாம் நிலைக்கும் பாய்ஸ்-காட் நிலைக்கும் வித்தியாசம் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஆக முதல் நாள் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன். தெரிந்த கடை ஏதாவது ஒன்றைப் பிடி. ஜி.எஸ்.டி. போர்ட்டலில் மாதா மாதம் 14-ம் தேதி 2பி வரும். அந்தக் கடைக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல் அது. 2022 ஜனவரியிலிருந்து அதில் இல்லாத பில்லுக்கு, வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ள முடியாது. மே மாதத்து 2பி வருகிற வெள்ளிக்கிழமை வந்துவிடும். கடையின் டேலி கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எக்செலில் இறக்கு. இரண்டையும் ஒப்பிட்டு, எது எது இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று ஒரு தாளில் எழுது.

செய்யும்போது ஃபார்முலாவில் மனசு ஓடுகிறதா, அல்லது "இந்தப் பார்ட்டி ஏன் பில்லை ஏற்றவில்லை" என்பதில் ஓடுகிறதா, கவனி. முன்னதென்றால் எம்.சி.ஏ., பின்னதென்றால் எம்.பி.ஏ. இரண்டிலும் ஓடவில்லை என்றால் இரண்டு வருஷமும் பணமும் மிச்சம்.

11 ஜூன்

பணம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் கேட்பார்கள்.

கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஜாமீன் கேட்கக் கூடாது. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் கையெழுத்து. அதையும் தாண்டினால் சொத்துப் பத்திரம். பொதுவாக பேங்குகள் பின்பற்றும் மாதிரித் திட்டம் இது. படிப்புக் காலம் முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியையாவது கட்டு. வேலைக்குப் போன பிறகு கட்டும் வட்டிக்கு 80இ பிரிவில் எட்டு வருஷம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, பழைய வரிமுறையில் மட்டும்.

சிவகாசி வீட்டுப் பத்திரத்தை எம்.பி.ஏ. சிஸ்டம்ஸுக்காக பேங்கில் வைக்கும் நிலை வந்தால், அந்தக் காலேஜே வேண்டாம். இதில் மட்டும் எனக்கு மறுயோசனை கிடையாது.

15 ஜூன்

"நூறு சதவீதம் பிளேஸ்மென்ட், கூடவே சாப் சர்டிஃபிகேட்" என்று ஒரு காலேஜ் விளம்பரத்தை ஒட்டிக் கேட்டிருக்கிறார் ஒருவர். என் சித்தி பெண் இதே மாதிரி ஓர் இடத்தில்தான் சேர்ந்தாள். பேர் வேண்டாம். சாப் சர்டிஃபிகேட் என்றது அந்தக் காலேஜே அச்சடித்துக் கொடுத்த தாள். சாப் கம்பெனி நடத்தும் தேர்வுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிளேஸ்மென்ட்டில் வந்தது பேங்க் கிரெடிட் கார்டு விற்கும் வேலை. அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்தது, நூறு சதவீதம் ஆயிற்று.

காலேஜைப் பார்க்கப் போனால் பிளேஸ்மென்ட் ஆபீஸருக்குப் பக்கத்தில் உட்காராதே. கேன்டீனில் ஃபைனல் இயர் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

16 ஜூன்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் டிகிரிகளும் நேரடி டிகிரிக்குச் சமம்தான் என்று யு.ஜி.சி. 2022-லேயே அறிவித்தது. இக்னோவின் எம்.சி.ஏ. இருக்கிறது, பிட்ஸ் பிலானி வேலையில் இருப்பவர்களுக்கென்றே வார இறுதி வகுப்பு நடத்துகிறது. ஆனால் வேலையே இல்லாத 21 வயதுக்காரனுக்கு இவற்றை நான் சொல்ல மாட்டேன். ஹாஸ்டல் வேண்டும், பாஷை தெரியாத ரூம்மேட் வேண்டும், ராத்திரி மூன்று மணிக்கு ப்ராஜெக்ட் கெட்டுப்போக வேண்டும்.

23 ஜூன்

அமெரிக்காவில் எம்.ஐ.எஸ். (மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்) படிப்பது பற்றி ஒரு நீளமான கேள்வி. எனக்கு நேர் அனுபவம் இல்லை, அண்ணன் மகன் போயிருக்கிறான், அவ்வளவுதான். இந்தப் படிப்பே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் என்ற பேராசிரியர் 1960-களின் கடைசியில் ஆரம்பித்து வைத்ததுதான். அவர் கணக்கியலிலிருந்து வந்தவர் என்பதைக் கவனிக்கவும், பி.காம். கூட்டம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

போகிறவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த எம்.ஐ.எஸ். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வரும் குறியீட்டில் நடக்கிறதா? வந்தால் படித்து முடித்ததும் வேலை பார்க்க 12 மாதத்தோடு இன்னும் 24 மாதம். வராவிட்டால் 12 மட்டும். கடன் அடைக்க அந்த 24 மாதம்தான் ஆதாரம். படிப்பின் பேர் ஒன்றாக இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் குறியீடு மாறும்.

30 ஜூன்

"சாப் ஃபீல்டே முடிந்துவிட்டது, ஏ.ஐ. எல்லாவற்றையும் செய்துவிடும்" என்று ஒருவர். இதே ஆள் போன வருஷம் பிளாக்செயின் பற்றி எழுதினார், தேடிப் பார்த்தேன்.

நிலவரம் இது. பழைய ஈ.சி.சி. பதிப்புக்கு சாப்பின் வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரைதான். கூடுதல் காசு கட்டுகிறவர்களுக்கு 2030 வரை. 2015-ல் வந்த புதிய பதிப்பான எஸ்4 ஹானாவுக்கு மாறாத கம்பெனிகள் இன்னும் நிறைய. மாற்றும்போது இருபது வருஷத்துக் குப்பை முழுக்க மேலே வரும். ஒரே பார்ட்டி மூன்று பேரில் இருப்பான், ஒரே நட்டு போல்ட்டுக்கு ஐந்து மெட்டீரியல் கோடு இருக்கும். அதில் எது எது ஒன்று என்று சொல்ல ஆள் வேண்டும். ஏ.ஐ. சந்தேகப் பட்டியல் போட்டுத் தருகிறது, நானே பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சம்தான். பட்டியலில் இருப்பது நிஜமா என்று ஸ்டோர்கீப்பருக்கு போன் போடுவது இன்னமும் நான்தான்.

அதற்காக ஹைதராபாத்தில் கோச்சிங் சென்டர்கள் நிறைந்த அமீர்பேட்டைக்கு ரயிலேறி மூன்று மாதத்தில் சாப்பின் கணக்குப் பிரிவான ஃபைகோ கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்கிரீன் கற்றுக்கொடுப்பார்கள். சாப்பின் எம்.ஐ.ஜி.ஓ. ஸ்கிரீனில் சரக்கு வரவு போட்டால் எந்தக் கணக்கில் பற்று, எதில் வரவு என்று கேட்டால் முழிக்கிற சர்டிஃபிகேட்காரர்களை மாதம் ஒருவராவது இன்டர்வியூவில் பார்க்கிறேன். மூன்று வருஷ பி.காம். படித்தவனே முழிக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

7 ஜூலை

தம்பி பதில் போட்டிருக்கிறான். அப்படியே தருகிறேன்:

"அக்கா, மாமாவின் பேப்பர் கடையில் உட்கார்ந்து செய்தேன். மே மாதம் பர்ச்சேஸ் பில் 212. இடித்தது 37. அதில் 31 பில் நம்பர் தகராறு, அவர்கள் 045/24-25 என்று ஏற்றியிருக்கிறார்கள், மாமா 45 என்று டேலியில் அடித்திருக்கிறார். 4 தேதி மாறியது. 2 மட்டும்தான் நிஜமாகவே பார்ட்டி ஏற்றாதது. முன்னால் வரும் சைபரையும் பின்னால் வரும் வருஷத்தையும் வெட்டி ஒப்பிட ஃபார்முலா எழுதினேன். அது கோடிங்கா என்று தெரியவில்லை, ராத்திரி ஒரு மணி ஆனது தெரியவில்லை. அந்த 2 பார்ட்டிக்கும் மாமா போன் போட்டுத் திட்டினார், அதுவும் நன்றாக இருந்தது. அதனால் உங்கள் டெஸ்ட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கவுன்சலிங்கில் இரண்டுக்குமே பதியப் போகிறேன்."

டெஸ்ட் மோசமான டெஸ்ட் என்று ஒப்புக்கொள்கிறேன். முன்னது பின்னது என்று பிரித்ததே தப்பு. வணிகக் கணிதம் எடுத்தானா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. தம்பி, மெயில் போட்டாயா?

14 ஜூலை

மெயில் போட்டுவிட்டானாம். கூடவே ஒரு கேள்வி:

"மில்லில் பேப்பர் கிலோவில் பில் போடுகிறார்கள். நாங்கள் ரீமில் விற்கிறோம். 23-க்கு 36 அங்குலம், 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்), 500 தாள், கணக்குப் போட்டால் 18.7 கிலோ வருகிறது. ரீம் உறையில் 18.6 என்று அடித்திருக்கிறது. ஸ்டாக்கில் எதைப் போட வேண்டும்?"

355.62 போட்ட டெவலப்பருக்கு இதை ஃபார்வர்ட் செய்திருக்கிறேன். இப்போது பெங்களூரில் பெரிய ஆள், தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

18.6, தம்பி. மாமா காசு கொடுத்தது உறையில் இருக்கும் எடைக்கு. ஆனால் எனக்காக மாமாவிடம் ஒன்று கேட்டுச் சொல்: மழைக்காலத்தில் கட்டைப் பிரித்து நிறுத்தினால் எத்தனை கிலோ காட்டுகிறது?